ஆன்லைன் தோல் மருத்துவ வகுப்பு: எதைத் திரையில் காட்டுவது, எதை ஓபிக்கு விடுவது?

கேள்வி: மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவில் பாடம் எடுக்கிறேன். எம்பிபிஎஸ் மாணவர்களுக்கு எங்கள் பிரிவில் போஸ்டிங் (நோயாளிகளைப் பார்த்துப் பயிலும்) நாட்கள் குறைவு. படம் படமாக ஆன்லைனில் போட்டும், ஓபியில் ஒரு தடிப்பை வர்ணிக்கச் சொன்னால் திணறுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: படத்தின் மேலேயே நோயின் பெயரைப் போட்டால் மாணவர் பெயரைத்தான் பார்ப்பார். அதை எடுத்துவிடுங்கள். ஒரு நோயாளிக்கு மூன்று படம் போதும்: பரவல் தெரியும் தூரப் படம், ஸ்கேல் வைத்த நடுத்தூரப் படம், விளிம்பும் செதிலும் தெரியும் கிட்டப் படம். தட்டையா மேடா, அளவு, நிறம், விளிம்பு, மேற்பரப்பு என்று 2 நிமிடத்தில் டைப் செய்யச் சொல்லுங்கள். அனுப்பிய பிறகே உங்கள் விடை திறக்கட்டும். வாயால் கேட்டால் "சிவப்பா ஏதோ இருக்கு சார்" என்பதோடு நின்றுவிடும்.

அந்தச் 'சிவப்பே' சிக்கல்தான். பாடநூல் படங்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல். நம் தோலில் அதே அழற்சி ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும். உங்கள் ஓபியிலேயே படம் எடுங்கள், எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு, முகமும் பச்சைகுத்தலும் விழாமல். ஜன்னல் வெளிச்சம் போதும். நேராக ஃபிளாஷ் அடித்தால் மேடுபள்ளம் தட்டையாகிவிடும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கி, மெல்லிய செதில் மறைந்துபோகும். டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

படர்தாமரைக்கான கேஓஹெச் பரிசோதனைக்கு (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் செதிலை ஊறவைத்து மைக்ரோஸ்கோப்பில் பூஞ்சையைத் தேடுவது) 4 நிமிட வீடியோ போதும். கைகள் மட்டும் தெரிந்தால் சரி. ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் அல்ல, விளிம்பில் சுரண்ட வேண்டும். பூஞ்சை அங்கேதான் மும்முரமாக இருக்கும். சுரண்டிய செதிலை ஸ்லைடில் வைத்து 10% கரைசலில் ஒரு சொட்டு, மேலே கவர்ஸ்லிப் (மெல்லிய கண்ணாடி), 10 முதல் 20 நிமிடம் காத்திருப்பு. பிறகு மைக்ரோஸ்கோப்பின் கண்டென்சரை (ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) இறக்கி 10 எக்ஸ் லென்ஸில் தேடி, 40 எக்ஸில் உறுதிசெய்ய வேண்டும். கண்டென்சர் மேலேயே இருந்தால் வெளிச்சத்தில் பூஞ்சை இழை கண்ணுக்குத் தெரியாமல் போகும். பெரும்பாலான வீடியோக்கள் காட்டாததை நீங்கள் காட்டுங்கள்: கெட்டுப்போன ஸ்லைடுகள். கட்டியாக வைத்த செதில், காய்ந்து படிகமான கரைசல், பூஞ்சை என்று ஏமாற்றும் பஞ்சு நார். உண்மையான இழை தோல் செல்களின் விளிம்புகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். செல் விளிம்பை ஒட்டியே வளைந்து போனால் அது பூஞ்சை இல்லை.

தொடுவதைத் திரைக்கு விடாதீர்கள். குழந்தையின் கன்னத்தில் வெளிறிய தேமல் சாதாரணமானதா தொழுநோயா என்பதைப் படம் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியால் உணர்ச்சி பார்ப்பது, முழங்கையின் உட்புற எலும்புக்குப் பின்னால் அல்னார் நரம்பு தடித்திருக்கிறதா என்று இரு கையிலும் தடவி ஒப்பிடுவது, இதற்கே போஸ்டிங் நேரத்தை ஒதுக்குங்கள். வர்ணனைப் பயிற்சியை அதற்கு முந்தைய வாரமே ஆன்லைனில் முடித்துவிடலாம். ஒரு வாரம் கழித்து அதே நோயை வேறு இடத்தில், வேறு நிறத் தோலில் மறுபடி கேளுங்கள். பழைய படத்தையே போட்டால் படத்தை அடையாளம் கண்டு விடை சொல்லிவிடுவார்கள்.