வெண்பன்றி வளர்ப்போர் கேள்வி-பதில்: வைரஸும் பன்றியின் புரதமும்

கே: பிஆர்ஆர்எஸ் நோயே வராத பன்றி அமெரிக்காவில் உண்டாமே? – வாசகர், அம்பாசமுத்திரம்

ப: உண்டு. பிஆர்ஆர்எஸ் என்பது கருச்சிதைவும் மூச்சுத் திணறலும் தரும் வைரஸ் நோய். மேக்ரோபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்லில் இருக்கும் சிடி163 புரதம்தான் அந்த வைரஸுக்கு வாசல். அந்தப் புரதத்தில் வைரஸுக்குத் தேவைப்படும் ஐந்தாம் பகுதியை மட்டும் மரபணுத் திருத்தத்தில் நீக்கிவிட்டார்கள். 2025-ல் அந்நாடு உணவுக்கு அனுமதித்தது. நம் சந்தையில் ‘அந்த இனக் குட்டி’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

கே: அந்தப் பன்றிக்கு ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலும் வராதல்லவா? – வாசகர், சேரன்மகாதேவி

ப: வரும். சிடி163 முழுவதுமே இல்லாத பன்றிக்கு அந்தக் காய்ச்சல் வைரஸைக் கொடுத்தே சோதித்துவிட்டார்கள்.

கே: காய்ச்சல் 106 டிகிரி ஃபாரன்ஹீட். ஆக்ஸிடெட்ராசைக்ளின் 3 நாள் போட்டும் இறங்கவில்லை. அளவைக் கூட்டலாமா? – வாசகர், வள்ளியூர்

ப: கூட்டாதீர்கள். எத்தனை பன்றி, என்ன வயது, தடுப்பூசி எப்போது போட்டது என்று ஒரு வரிகூட எழுதாமல் அளவை மட்டும் கேட்டால் எப்படிச் சொல்வது? இந்த ஆன்டிபயாட்டிக் மருந்து, பாக்டீரியாவுக்குள் புரதம் செய்யும் பட்டறையான ரைபோசோமைப் பிடித்து நிறுத்தும். வைரஸுக்குச் சொந்த ரைபோசோமே கிடையாது. பன்றியின் ரைபோசோமில்தான் தன் புரதத்தைச் செய்துகொள்கிறது. செல்லும் சும்மா இருப்பதில்லை. வைரஸ் புகுந்ததை உணர்ந்ததும் பிகேஆர் என்ற புரதம், புரதம் செய்வதைத் தொடங்கிவைக்கும் இஐஎஃப்2 ஆல்ஃபா மேல் பாஸ்பேட்டை ஏற்றிப் புரத உற்பத்தியையே முடக்கும். ஆப்பிரிக்கக் காய்ச்சல் வைரஸோ தன் டிபி71எல் புரதத்தை வைத்து, பன்றியின் பாஸ்பட்டேஸ் நொதியையே இழுத்து வந்து அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். இந்தச் சண்டையில் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலையே இல்லை. கிளாசிக்கல் பன்றிக்காய்ச்சல் என்ற இன்னொரு வைரஸ் நோயில் வெள்ளையணு குறைந்து, பின்னாலேயே வரும் பாக்டீரியாவுக்கு மருத்துவர் போடுவது வேறு.

நீங்கள் ஊசி போட்டுப் பார்க்கும் அந்த மூன்று நாளில்தான் நோய் அடுத்த கொட்டகைக்குப் போகிறது. அதுவும் அதே சிரிஞ்சில் அடுத்த பன்றிக்கும் குத்துகிறீர்கள்! காது நுனியும் அடிவயிறும் செந்நீலமாகிறதா பாருங்கள். முதல் நாளே ஒதுக்குங்கள், விற்பனையை நிறுத்துங்கள், கால்நடை உதவி மருத்துவரை அழையுங்கள். ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) குழாயில் ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். நீங்களாக அறுத்துப் பார்க்கவே வேண்டாம். ஆப்பிரிக்கக் காய்ச்சலாக இருந்தால் ரத்தம் சிந்திய இடமெல்லாம் வைரஸ்.

கே: கிளாசிக்கல் தடுப்பூசியே ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கும் போதுமா? – வாசகர், களக்காடு

ப: போதாது. கிளாசிக்கல் காய்ச்சலைத் தருவது ஆர்என்ஏ வைரஸ், பன்றி செல்லின் சிடி46 புரதத்தில் ஒட்டும். ஆப்பிரிக்கக் காய்ச்சலைத் தருவது டிஎன்ஏ வைரஸ், குடும்பமே வேறு. அதற்காகக் கிளாசிக்கல் ஊசியை விட்டுவிடாதீர்கள்.

கே: ஓட்டல் மிச்சச் சோறு கொடுக்கலாமா? – வாசகர், பாளையங்கோட்டை

ப: மறுபடியும் எழுதுகிறேன்: 90 டிகிரி செல்சியஸில் 1 மணி நேரம், அடிவரை கிளறிக்கொண்டே வேகவைத்த பிறகுதான். வேகாததைக் கொண்டுவந்த வாளியிலேயே வெந்ததையும் அள்ளினால் எரித்த விறகு வீண்.