கோகோபீட்டில் (தென்னை நார்த்தூளில்) வளர்த்தால் விதை உருளைக்கிழங்குக்கு நோய் வராதா?

மண்ணிலிருந்து வரும் நோய்கள் பெரும்பாலும் வராது. கிழங்குக்குள் ஒளிந்து வருவதும் காற்றில் பறந்து வருவதும் தாராளமாக வரும். ஒரு பருவத்தை வீணடித்துத்தான் இதை நான் தெரிந்துகொண்டேன்.

முதல் தடவை, சமையலுக்கு வாங்கியதில் முளைவிட்டிருந்த கிழங்குகளையே புது கோகோபீட்டில் நட்டேன். சொறி இல்லை, நூற்புழு இல்லை, தோல் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. கடைசி வாரங்களில் இலைக்கு அடியில் நாலைந்து பச்சை அசுவினிகளைப் பார்த்தேன்தான். அறுவடை நெருங்கிவிட்டதே, போகட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தக் கிழங்கையே விதையாக எடுத்துவைத்து அடுத்த பருவம் நட்டபோது, அடியிலைகள் ஓரம் மேலே மடங்கிக் குழல் போலச் சுருண்டன. விரலால் அழுத்தினால் காய்ந்த காகிதம் மாதிரி மொடமொடத்தன. அசுவினி கொண்டுவரும் இலைச்சுருள் வைரஸ். பருவக் கடைசியில் தொற்றினால் செடியில் ஒன்றும் தெரியாது, ஆனால் வைரஸ் கிழங்குக்குள் இறங்கிவிடும்.

அதனால் இப்போது சோதித்துப் பார்த்த திசு வளர்ப்பு நாற்றிலிருந்துதான் (ஆய்வகக் குப்பியில் வளர்த்த நாற்று) தொடங்குகிறேன். குருத்தின் நுனியில் புதிதாகப் பிரியும் செல்களுக்கு வைரஸ் அநேகமாகப் போய்ச்சேராது. அந்த ஊசிமுனை அளவுத் துண்டிலிருந்துதான் அந்த நாற்றை உருவாக்குகிறார்கள். அப்படியும் சிலது தப்பிவிடும் என்பதால் எலிசா போன்ற வைரஸ் சோதனை கட்டாயம். குப்பிக்குள் வளர்ந்த இலையில் மெழுகுப்பூச்சு சரியாக இருக்காது. வெளியே எடுத்ததும் துவண்டுவிடும். ஒரு வாரம், பத்து நாள் மூடிவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுங்கள்.

அடுத்தது வலை. 40 அல்லது 50 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு அத்தனை கண்) பூச்சி வலை, வாசலுக்கு இரண்டு கதவு. மருந்து அடித்தால் போதாதா என்று கேட்பார்கள். இலைச்சுருள் வைரஸைப் பரப்ப அசுவினிக்குப் பல மணி நேரம் ஆகலாம், அதனால் மருந்துக்குக் கொஞ்சம் பலன் உண்டு. உருளைக்கிழங்கைத் தாக்கும் இன்னொன்றான ஒய் வைரஸுக்கோ சில விநாடி குத்தினாலே போதும். அசுவினி மருந்தில் சாவதற்குள் வேலையை முடித்திருக்கும்.

ஊடகம் (மண்ணுக்குப் பதிலாகச் செடி வளரும் கலவை) பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். கோகோபீட்டோடு மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் (பொரி போன்ற லேசான வெள்ளைக் கல்) கலந்தால் காற்றோட்டம் போதும். ஆனால் உப்பைக் கழுவாமல் பயன்படுத்தாதீர்கள். வெறும் தண்ணீரில் கழுவினால் நாரில் ஒட்டியிருக்கும் சோடியம் முழுதாகப் போகாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து அலசுங்கள். பழைய ஊடகத்தை விதைக்கு மறுபடி பயன்படுத்துவதில்லை. கீரைக்குப் போடுவேன்.

நடும்போது நுனி இலைகள் மட்டும் வெளியே தெரிய ஆழமாகப் புதையுங்கள். செடி உயர உயர ஊடகத்தை அணைத்துக்கொண்டே வரவேண்டும். புதைந்த கணுக்களிலிருந்து வெள்ளையாக ஒரு கொடி கிளம்பும். அதன் நுனிதான் வீங்கிக் கிழங்காகிறது. அந்தச் சமயம் தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல்சத்தைக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மேலே காடு, கீழே ஒன்றுமில்லை. ஊடகத்தின் வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. கறுப்புப் பை வெயிலில் நின்றால் அது நடக்காது.

தண்ணீர் அதிகமானால் கிழங்கே காட்டிக்கொடுக்கும். தோலில் பொரி ஒட்டியது போல வெள்ளை வெள்ளையாகப் புடைப்பு வரும். கிழங்கு மூச்சுவிடும் துளைகள் அவை. அழுகல் அந்த வழியாகத்தான் நுழையும்.

அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்திச் செடியை வெட்டிவிடுகிறேன். கட்டைவிரலால் தேய்த்தால் தோல் உரியக்கூடாது, அதுவரை கிழங்கு உள்ளேயே இருக்கட்டும். எடுத்த கிழங்கு பெரும்பாலும் கோலிக்குண்டுக்கும் எலுமிச்சைக்கும் நடுவில்தான் இருக்கும். விதைக்கு அது போதும். இரண்டு மூன்று மாதம் முளைக்காமல் உறங்கும். கெட்டுப்போய்விட்டதென்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், முதல் தடவை நான் பாதியைக் குப்பையில் கொட்டினேன்.