ஏரித் தண்ணீரை வைத்தே அயல் மீனைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் டேங்க் கிளீனர் மீன் புகுந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். வலையில் இன்னும் சிக்கவில்லை. தண்ணீரை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினாலே தெரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா? நம் நாட்டு மீன்களைக் காப்பாற்ற இது உதவுமா?

பதில்:

உண்மைதான். ஆனால் அந்தச் சோதனை "இந்தத் தண்ணீரில் அந்த மீனின் டிஎன்ஏ இருக்கிறது" என்று மட்டும்தான் சொல்லும். "ஏரியில் மீன் உயிரோடு இருக்கிறது" என்ற முடிவுக்குப் போக இன்னும் வேலை இருக்கிறது. அந்த வேலையில் பெரும்பகுதி ஏரிக்கரையில்தான் நடக்கிறது. பலர் எந்த இயந்திரம், எந்த லேப் என்று கேட்கிறார்கள். பாட்டிலை யார் எப்படிக் கழுவினார் என்று கேட்பதே இல்லை.

மீனின் உடலிலிருந்து கோழை, செதில், கழிவு, முட்டை, விந்து என்று ஏதாவது உதிர்ந்துகொண்டே இருக்கும். அவற்றிலுள்ள செல்களின் டிஎன்ஏ தண்ணீரில் சில நாட்கள், அதிகம் போனால் ஒன்றிரண்டு வாரம் தாங்கும். வெயிலும் சூடும் நுண்ணுயிரும் கூடினால் இன்னும் சீக்கிரம் சிதையும். அடிச்சேற்றில் கலந்தது மட்டும் பல மாதம் கிடக்கும். 2008-ல் பிரான்சின் குட்டைகளில் அமெரிக்கக் காளைத் தவளையை இந்த முறையில் கண்டுபிடித்த பிறகுதான், அயல் இனங்களைத் தேட இது பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்தது.

டேங்க் கிளீனர் விஷயத்தில் உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு. அது அலங்காரத் தொட்டிகளில் பாசி தின்ன விடும் தென் அமெரிக்கக் குடும்பத்து மீன். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மீன் ஒன்றுகூட இந்தியாவில் இயற்கையாகக் கிடையாது. அதனால் அதன் டிஎன்ஏவை மட்டும் பிடிக்கும் பிரைமர் (தேடும் டிஎன்ஏவில் ஒட்டி, அந்தத் துண்டைப் பெருக்கத் தொடங்கும் சிறு டிஎன்ஏ இழை) வடிவமைப்பது சுலபம். ஐதராபாத் சிசிஎம்பி (செல், மூலக்கூறு உயிரியல் மையம்) ஆய்வாளர்கள் இந்த மீனுக்கென்றே ஒரு சோதனையை உருவாக்கி, கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதி நீர்நிலைகளில் பயன்படுத்தியிருக்கிறார்கள். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி அப்படியல்ல. அதே பேரினத்தைச் சேர்ந்த நாட்டு மீன்கள் இங்கே இருக்கின்றன. பிரைமர் கொஞ்சம் தளர்வாக இருந்தால் நம் மீனையே அயல் மீன் என்று சொல்லிவிடும். எனவே லேபில் முதலில் கேட்க வேண்டியது இது: "இந்தப் பிரைமரை நம் பகுதி நாட்டு மீன்களின் திசுவில் ஓட்டிப் பார்த்தீர்களா?" கணினியில் மட்டும் ஒப்பிட்டோம் என்றால் அது போதாது. பிரைமரின் 3' முனைப் பக்கம் (பெருக்கம் தொடங்கும் முனை) உறவு இனங்களோடு இரண்டு மூன்று டிஎன்ஏ எழுத்தாவது (A, T, G, C) மாறியிருக்க வேண்டும். பெருக்கும் துண்டு 80 முதல் 150 எழுத்து நீளம் இருந்தால் நல்லது, ஏனென்றால் தண்ணீரில் கிடக்கும் டிஎன்ஏ ஏற்கெனவே துண்டு துண்டாகத்தான் இருக்கும். ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைக் குறிவைப்பதும் அதனால்தான்.

இனி தண்ணீர் எடுப்பது. மழை வெள்ளம் பாயும்போது எடுக்காதீர்கள். நம் ஏரிகள் சங்கிலியாக இணைந்தவை. மேல் ஏரியில் இருக்கும் மீனின் டிஎன்ஏ கலங்கல் வழியாக உங்கள் ஏரிக்கு வந்து சேரும். வரத்து நின்று தண்ணீர் தெளிந்த பிறகு எடுங்கள். மதகு ஓரம், கலங்கல் ஓரம், கல் அடுக்கிய கரை, சரிந்த மண்கரை என்று இடங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். இந்த மீன் கரையில் வளை தோண்டி முட்டையிடும், பெரும்பாலும் அடியில் மேயும். ஆகவே மேல்மட்டத் தண்ணீரை மட்டும் எடுத்தால் தவறிப்போகும். அடியை ஒட்டி எடுங்கள், ஆனால் சேற்றைக் கலக்காதீர்கள். கலக்கினால் எப்போதோ செத்த மீனின் டிஎன்ஏவும் சேர்ந்து வரும், தண்ணீரிலுள்ள டிஎன்ஏ துகள்களைப் பிடிக்கும் வடிதாளும் அடைத்துக்கொள்ளும். தண்ணீரில் இறங்கி நின்று எடுப்பதும் கூடாது. கால்வாயாக இருந்தால் கீழிருந்து மேல்நோக்கிப் போங்கள். வலை போடும் திட்டம் இருந்தால் தண்ணீரை முதலில் எடுத்துவிடுங்கள். வேறு ஏரியில் நனைந்த வலை ஒன்று போதும், எல்லாமே கெட்டுப்போக.

சுத்தம் என்பது இங்கே கண்ணுக்குத் தெரியும் அழுக்கைப் போக்குவது அல்ல. கடையில் வாங்கும் ப்ளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு. அதில் பாட்டில், இடுக்கி, வடிகட்டும் கிண்ணம் எல்லாவற்றையும் பத்து நிமிடம் ஊறவைக்க வேண்டும். அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும், பழைய ப்ளீச்சுக்கு வீரியம் போய்விடும். பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். ப்ளீச் மிச்சமிருந்தால் நீங்கள் தேடி வந்த டிஎன்ஏவையே அது அழித்துவிடும், முடிவு "இல்லை" என்று வரும், யாருக்கும் காரணம் புரியாது. ஒவ்வொரு இடத்திலும் கையுறையை மாற்றுங்கள்.

வெற்றுக் கட்டுப்பாட்டை (மீன் டிஎன்ஏ இல்லாத ஒப்பீட்டு மாதிரியை) மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். ஒரு பாட்டிலில் காய்ச்சி வடித்த தண்ணீரைக் கொண்டுபோய், ஏரிக்கரையில் திறந்து மூடி, மற்ற மாதிரிகளைப் போலவே அதே கருவியில் வடிகட்டுங்கள். அதில் மீன் டிஎன்ஏ வந்துவிட்டால் அன்றைய முடிவுகள் எல்லாம் குப்பைக்கு. செலவைக் குறைக்க முதலில் இதைத்தான் வெட்டுவார்கள். இது இல்லாத அறிக்கையைக் கையில் வாங்கிப் பயனில்லை.

எத்தனை பாட்டில்? ஓரிடத்தில் ஒரு பாட்டில் எடுத்துவிட்டு "இல்லை" என்று சொல்வது அர்த்தமற்றது. மீன் இருக்கும்போது ஒரு லிட்டர் பாட்டிலில் அதன் டிஎன்ஏ சிக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றால், ஐந்து பாட்டிலும் சேர்ந்து தவறவிடும் வாய்ப்பு சுமார் 3 சதவீதம். சிக்கும் வாய்ப்பு 30 சதவீதம்தான் என்றால், தவறும் வாய்ப்பை 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர ஒன்பது பாட்டில் வேண்டும். 10 சதவீதம் என்றால் 29 பாட்டில். மீன் இப்போதுதான் புகுந்திருக்கிறது, எண்ணிக்கை குறைவு என்றால் இந்தக் கடைசிக் கணக்கைத்தான் மனதில் வைக்க வேண்டும்.

தண்ணீரை ஐஸில் வைத்து அன்றே, தாமதமானால் 24 மணி நேரத்துக்குள், வடிகட்டுங்கள். புத்தகங்களில் 0.45 மைக்ரான் வடிதாள் என்று இருக்கும். பாசி படர்ந்த நம் ஏரித் தண்ணீரில் அது கால் லிட்டருக்குள் அடைத்துக்கொள்ளலாம். 1.2 அல்லது 1.5 மைக்ரான் கண்ணாடி இழை வடிதாள் போதும். மீனின் டிஎன்ஏ பெரும்பாலும் 1 முதல் 10 மைக்ரான் அளவுள்ள துகள்களில்தான் இருக்கிறது. அடைத்துவிட்டால் இரண்டாவது தாளைப் போடுங்கள், எவ்வளவு மி.லி. வடிந்தது என்று எழுதி வையுங்கள். தாளை இடுக்கியால் உள்பக்கமாக மடித்து 95 சதவீத எத்தனாலில் போட்டு மூடுங்கள். எத்தனால் கிடைக்காத இடத்தில் டிஎன்ஏ சிதையாமல் காக்கும் லாங்மையர் கரைசல் நல்லது, அறை வெப்பத்திலேயே வாரக்கணக்கில் தாங்கும்.

லேபில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாசியும் மக்கிய இலையும் உள்ள தண்ணீரில் ஹியூமிக் அமிலமும் டானினும் இருக்கும். இவை பிசிஆரை, அதாவது டிஎன்ஏ துண்டைச் சுழற்சி சுழற்சியாக இரட்டித்துப் பெருக்கும் வினையைத் தடுக்கும். அதனால் ஒவ்வொரு மாதிரியிலும் அளவு தெரிந்த வேறொரு டிஎன்ஏவைச் சேர்த்து ஓட்ட வேண்டும். அது வழக்கத்தைவிட இரண்டு மூன்று சுழற்சி தாமதமாக வந்தால் தடை இருக்கிறது என்று பொருள். பத்தில் ஒன்றாக நீர்த்து மறுபடி ஓட்டலாம், அல்லது தடைநீக்கும் வடிகுழலில் சுத்தம் செய்யலாம். இந்தச் சரிபார்ப்பு இல்லாமல் வரும் "இல்லை"யை நம்பக் கூடாது. இன்னொரு எச்சரிக்கை: டிஎன்ஏ பிரிக்கும் கிட்களில் பலவற்றில் குவானிடின் உப்பு இருக்கிறது. அது சிந்தினால் ப்ளீச் ஊற்றித் துடைக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

ஒரு மாதிரியைச் சோதனைத் தட்டில் குறைந்தது ஆறு தனித்தனிக் குழியிலாவது ஓட்டச் சொல்லுங்கள். ஆறில் ஒன்றில் மட்டும், அதுவும் 38-வது சுழற்சிக்கு மேல் பெருக்கத்தைக் காட்டும் கோடு எழுந்தால், அது ஒரே ஒரு மூலக்கூறாக இருக்கலாம், கலப்படமாகவும் இருக்கலாம். மறுபடி ஓட்டி, பெருகிய துண்டின் வரிசையைப் படித்துப் பார்த்த பிறகே பேச வேண்டும். கலப்படம் பெரும்பாலும் லேபின் சொந்தக் கட்டுப்பாட்டிலிருந்துதான் வரும்: அளவுகோலாக வைத்திருக்கும் செயற்கை டிஎன்ஏ குப்பியில் கோடிக்கணக்கான நகல்கள் இருக்கின்றன. விவரம் தெரிந்த லேப்கள் அந்தச் செயற்கைத் துண்டில் வேண்டுமென்றே சில எழுத்துகளை மாற்றி வைத்திருக்கும். கலந்தால் வரிசையைப் படித்ததும் பிடிபட்டுவிடும்.

சரி, "இருக்கிறது" என்று வந்துவிட்டது. அடுத்து என்ன? அமெரிக்காவின் சிகாகோ கால்வாயில் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆசியாவிலிருந்து போன வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் மிசிசிப்பி ஆற்றமைப்பில் பெருகி, பேரேரிகளை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. (இங்கே வளர்ப்புக் குளங்களில் நாமே விடும் அதே வெள்ளிக் கெண்டைதான்.) அவற்றைத் தடுக்கக் கால்வாயில் மின்தடுப்பு போட்டிருந்தார்கள். 2009-ல் அந்தத் தடுப்பைத் தாண்டிய தண்ணீரில் டிஎன்ஏ கிடைத்தது. கப்பல் மதகுகளை மூடச் சொல்லி மிச்சிகன் மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 ஜனவரியில் நீதிமன்றம் உடனடித் தடை தர மறுத்தது. மீன் தின்ற பறவையின் எச்சமாக இருக்கலாம், மீன் சந்தைக் கழிவு சாக்கடை வழியாக வந்திருக்கலாம், படகின் அடியில் ஒட்டி வந்திருக்கலாம் என்று எதிர்வாதங்கள் வந்தன. எதுவும் அபத்தமான வாதமில்லை. எந்த வழியில் எவ்வளவு டிஎன்ஏ வரும் என்று அளக்கவே அரசுத் துறைகள் தனி ஆய்வு நடத்த வேண்டியதாயிற்று. 2010 ஜூனில் தடுப்புக்கு அப்பால் கலுமெட் ஏரியில் ஒரே ஒரு பெருந்தலைக் கெண்டை வலையில் சிக்கியது.

உங்கள் ஏரிக்கும் இதே கேள்விகள் பொருந்தும். மீன் கடைக் கழிவு எங்கே விழுகிறது? அலங்கார மீன் கடைக்காரர் தொட்டித் தண்ணீரை எங்கே கொட்டுகிறார்? நீர்க்காகம் எங்கே கூடு கட்டுகிறது? இவற்றை முதலிலேயே குறித்துக்கொண்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து அதே இடங்களில் மறுபடி எடுங்கள். இரண்டு முறையும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வந்தால், அந்த இடங்களில் வலையையும் பொறியையும் குவியுங்கள். ஏரி முழுக்க அலைய வேண்டாம் என்பதுதான் இந்தச் சோதனையால் கிடைக்கும் நிஜமான லாபம்.

நாட்டு மீன்களுக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். அதே வடிதாளிலிருந்து வந்த டிஎன்ஏவை, எல்லா மீனையும் பெருக்கும் மிஃபிஷ் பிரைமரில் ஓட்டினால் ஏரியின் மீன் பட்டியல் கிடைக்கும். அது மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள 12எஸ் மரபணுவில் சுமார் 170 எழுத்து நீளத் துண்டைப் படிக்கிறது. ஒரு குறை: ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளத்தில் இல்லாத இனத்தைப் பெயர் சொல்லி அது அடையாளம் காட்டாது, பக்கத்து உறவு இனத்தின் பெயரைத் தூக்கிப் போட்டுவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சிறு மீன்களின் விஷயத்தில் இந்த ஆபத்து அதிகம். முதலில் உள்ளூர் மீன்களைப் பிடித்து, அடையாளம் உறுதிசெய்து, அவற்றின் 12எஸ் வரிசையைச் சேர்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

இதில் பிடிபடாத இன்னொன்று கலப்பினம். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டும் வருவதால், ஆப்பிரிக்கக் கெளுத்தியும் நாட்டு இனமும் கலந்த குஞ்சு தாயின் இனமாகவே தெரியும். அதற்கு மீனின் திசு வேண்டும், உட்கருவில் ஏராளமான இடங்களைப் படிக்க வேண்டும். குறைவாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் நாய் வகை விலங்கான டிங்கோவே சாட்சி. 23 டிஎன்ஏ குறியீடுகளை வைத்துச் செய்த பழைய சோதனை, பல டிங்கோக்களை நாய்க் கலப்பு என்று முத்திரை குத்தியது. 2023-ல் சுமார் 1,95,000 இடங்களைப் படித்துப் பார்த்தபோது, சோதித்த காட்டு டிங்கோக்களில் பெரும்பாலானவை கலப்பே இல்லாதவை என்று தெரிந்தது. "காட்டு நாய்" என்ற பெயரில் கொல்ல அனுமதியுள்ள இடங்களில் இது சாதாரணப் பிழை இல்லை.

கடைசியாக, மீனை அகற்றும் திட்டம் இருந்தால் இப்போதே செய்ய வேண்டிய ஒன்று. நியூசிலாந்துத் தீவுகளில் எலிகளை ஒழிக்கும் முன் அவற்றின் திசுவை எடுத்து வைப்பார்கள். பிறகு ஒரு எலி தென்பட்டால் அது தப்பிப் பிழைத்ததா, புதிதாக வந்ததா என்று ஒப்பிட்டுச் சொல்லலாம். 2004 இறுதியில் அங்கே ஒரு தீவில் ஆய்வுக்காகக் கழுத்துப்பட்டையுடன் விட்ட எலி ஒன்று கண்ணில் படாமல் போய், 400 மீட்டர் கடலை நீந்தி அடுத்த தீவுக்குப் போய்விட்டது. அங்கே கிடைத்த புழுக்கையின் டிஎன்ஏதான் அது அதே எலி என்று உறுதிசெய்தது.

நீங்களும் சிக்கும் ஒவ்வொரு டேங்க் கிளீனரிலும் துடுப்பில் நகக்கண் அளவு வெட்டி எடுத்து, திசுவைப்போல பத்து மடங்கு எத்தனாலில் போடுங்கள். மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள், திசுவிலிருந்து வரும் நீர் அதை நீர்த்துவிடும். தேதியையும் இடத்தையும் பென்சிலால் எழுதிய தாளைக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். மீனை மட்டும் திரும்ப ஏரியில் விடாதீர்கள். தண்ணீர் இல்லாமல் மணிக்கணக்கில் தாங்கும் மீன் அது. செத்துவிட்டது என்று நினைத்துக் கரையில் எறிந்தால் மறுபடி ஏரிக்குள் இறங்கிவிடக்கூடும்.