கேள்வி பதில்: ஒரே வயல், இரண்டு நியாயம்

கேள்வி: எங்களுக்கு ஐந்து ஏக்கர் நஞ்சை இருக்கிறது. நூறு நாள் வேலையில் சும்மா பணம் கொடுத்துச் சனங்களைக் கெடுத்துவிட்டார்கள், நடவுக்கு ஆளே கிடைப்பதில்லை என்கிறார் அப்பா. எங்கள் வயலில் கூலிக்கு நடவு நடும் ஓர் அம்மாவோ, "நீங்க கொடுத்து வச்சவங்க, நாங்க வாங்கி வந்த வரம் இவ்வளவுதான்" என்கிறார். ஒரே ஊரில் நியாயம் ஏன் இப்படி ஆளுக்கு ஆள் மாறுகிறது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் அப்பா மனசாட்சி இல்லாதவர் அல்லர். மேட்டூர் எப்போது திறக்கும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டி நெல் திரும்பிவிடுமோ என்று அவர் படும் கவலையும் உழைப்பும் உண்மையானவை. தாம் பட்ட பாடு எவருக்கும் தெளிவாக நினைவிருக்கும். தமக்குக் கிடைத்தது அப்படி நினைவில் நிற்பதில்லை. பாட்டன் விட்டுச்சென்ற நிலமும் பம்புசெட்டுக்கு வரும் இலவச மின்சாரமும் அவருக்கு இயல்பான உரிமைகளாகத் தோன்ற, நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெயிலில் வாய்க்கால் தூர்வாரியவர் பெற்ற கூலி மட்டும் 'சும்மா கொடுத்த' பணமாகிவிடுகிறது. விவசாயிக்கு இலவச மின்சாரம் வேண்டும் என்பதே என் கருத்தும். இரண்டையும் ஒரே மரக்காலால் அளக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவே.

அந்த அம்மாவின் சொல்லை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். உளவியலாளர் மெல்வின் லெர்னர் 1960களில் நடத்திய ஆய்வில், துன்பப்படுபவருக்கு உதவ வழியில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவரையே தாழ்வாக மதிப்பிடத் தொடங்கினார்கள்; உலகம் நியாயமானது என்று நம்ப வேண்டிய தேவை மனிதருக்கு அத்தனை வலுவானது. மாற்ற வழி தெரியாதபோது, தன் துன்பத்துக்கும் மனம் இப்படியே ஒரு காரணம் தேடிக்கொள்கிறது என்று நான் நினைக்கிறேன். ஆனால் அவர் மனத்தில் இருப்பது அவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அடுத்த நடவுக்கும் அவசரத்துக்கு வாங்கும் முன்பணத்துக்கும் உங்கள் வீட்டையே நம்பியிருப்பவர், உங்கள் வரப்பில் நின்றுகொண்டு வேறு என்ன சொல்ல முடியும்?

சவுக்கடியும், தண்டனையாகக் குடிக்கவைத்த சாணிப்பாலும் தலைவிதி என்றிருந்த இதே தஞ்சைப் பண்ணையாட்கள்தான், 1940களில் விவசாயச் சங்கம் வந்தபோது அதை அநியாயம் என்று உரக்கச் சொன்னார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் பகையில் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். வாய் திறப்பதன் விலை என்னவென்று இந்த மண்ணில் நிலமற்றவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இலவச மின்சாரத்தை நாளைக்கு ஒருவர் 'சும்மா கொடுப்பது' என்றால் என்ன பதில் சொல்வீர்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். அந்த அம்மாவிடம் பேசுவதானால், வயலில் வேண்டாம், அவர் வீட்டுத் திண்ணைக்குப் போய்ப் பேசுங்கள்.