அப்பாவின் டாவிக்குப் பிறகு: 24 மணி நேர ஹோல்டர் போதுமா?

டாவி (நெஞ்சைத் திறக்காமல், ரத்தக்குழாய் வழியே புது பெருநாடி வால்வைப் பொருத்தும் சிகிச்சை) முடிந்த அப்பாவின் ஈசிஜியில் புதிதாக எல்பிபிபி (இதயத்தின் இடது மின்கிளையில் தடை), இதயத்துடிப்பைப் பதிய நெஞ்சில் ஒட்டிய 14 நாள் பேட்ச் மூன்றாம் நாளே உரிகிறது, பதிலுக்கு ஒருநாள் ஹோல்டர் (வயர்களோடு உடலில் மாட்டும் ஈசிஜி பதிவுக் கருவி) போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இதயத்தின் மின்பாதை பெருநாடி வால்வுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது. புது வால்வின் சட்டம் அதை அழுத்துகிறது, வீக்கமும் சேர்கிறது. மின்பாதையில் முழு அடைப்பு சில நாள் கழித்தும் வரலாம். ஒருநாள் பதிவில் அது சிக்காமல் போய்விடும்.

ஈசிஜி தாளைப் பாருங்கள்: பிஆர் (மின்துடிப்பு இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் நேரம்) 240 மில்லிசெகண்டுக்கு மேல், அதாவது 6 சின்னக் கட்டத்துக்கு மேல், அல்லது க்யூஆர்எஸ் (அது கீழறைகளில் பரவும் நேரம்) 150 மில்லிசெகண்டைத் தாண்டினால் கூடுதல் கவனம் தேவை.

பேட்ச் உரிவதற்குப் பெரும்பாலும் முடி, எண்ணெய், பவுடர்தான் காரணம். கொடுத்த இடத்தில் சொல்லி மாற்றி வாங்குங்கள். முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் ஒட்ட வேண்டும். முதல் நாள் குளியல் வேண்டாம். தலைசுற்றினால் பட்டனை அழுத்தி, நேரத்தையும் குறித்துவையுங்கள். குறிப்பு இல்லாத பதிவு பாதிப் பதிவுதான். ஸ்மார்ட் வாட்ச் இதற்கு ஈடாகாது.

மயங்கி விழுந்தாலோ, நாடித்துடிப்பு 40க்குக் கீழே போனாலோ பேட்ச் அறிக்கைக்குக் காத்திருக்காதீர்கள், உடனே 108. மெட்டோப்ரோலால் மாதிரி துடிப்பைக் குறைக்கும் மாத்திரை ஓடுகிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இப்போதைக்கு வண்டிச் சாவியையும் வாங்கி வைத்துவிடுங்கள்.