கேட்டதும் சொன்னதும்: மோசூலுக்கு ரோடு போடப் போகும் மகன்

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 27 வயது. சிவில் டிப்ளோமா முடித்து மூன்று வருஷமாகக் காஜாங் பக்கம் ஒரு நெடுஞ்சாலை வேலையில் சைட் சூப்பர்வைசராக இருக்கிறான். இப்போது ஈராக்கில், மோசூலில் ரோடு சீரமைக்கும் வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. “ரோடு எல்லா ஊரிலும் ரோடுதான்மா” என்கிறான். எனக்கு மனசு கேட்கவில்லை. நீங்கள் இலங்கையில் இப்படி வேலை பார்த்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். அனுப்பலாமா?
– ஒரு தாய், செந்தூல்

பதில்: 27 வயசுப் பையன் உங்களைக் கேட்டுக்கொண்டா போகப் போகிறான் அம்மா? ஆனால் அவன் சொல்வது பாதிதான் சரி. தார், ரோலர், லெவல் எல்லாம் காஜாங்கிலும் அங்கேயும் ஒன்றுதான். ரோட்டுக்கு வெளியே இருப்பதுதான் வேறு.

நான் 2011-இல் கிளிநொச்சிப் பக்கம் போனேன். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை 2006 ஆகஸ்டில் மூடப்பட்டது. 2009 மே மாதம் போர் முடிந்தது. எனக்குக் கிடைத்தது அந்தப் பாதையிலிருந்து பிரியும் ஒரு கிளை வீதி. (என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து மலாயா ரயில்வேயில் குமாஸ்தா ஆனவர். பேரன் அங்கே ரோடு போடப் போனதைப் பார்க்க அவர் இல்லை.)

கண்ணிவெடி அகற்றியவர்கள் ஒரு வரைபடம் கொடுத்தார்கள். வீதியும் இரு பக்கம் சில மீட்டரும்தான் துப்புரவு. அதற்கப்பால் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. சரி, ரோலர் எங்கே திரும்பும்? லாரி எங்கே ஒதுங்கும்? ஆட்கள் சிறுநீர் கழிக்க எங்கே போவார்கள்? வீதிக்குப் போடும் சரளை மண்ணை அங்கே கிரவல் என்பார்கள். கிரவல் குழிக்குத் தனிச் சான்றிதழ் வரும்வரை ஒரு லாரியையும் உள்ளே விடவில்லை. மூன்று வாரம் வேலை நின்றது. ஆபீஸில் எல்லோரும் என்மேல் கடுப்பு.

ஒப்பந்தக்காரருக்கும் அவசரம். ஒருநாள் நான் போன பிறகு, 200 மில்லிமீட்டர் போட வேண்டிய அடுக்கை இரண்டு மடங்காகக் கொட்டி உருட்டிவிட்டார்கள். காலையில் பார்த்தால் மேலே கல் மாதிரி இருந்தது. கடப்பாரையால் குழி போடச் சொன்னேன். ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே மண்ணை விரலால் கிள்ளி எடுக்க முடிந்தது. முழுவதையும் கிளறி மறுபடி போடவைத்தேன். உங்கள் மகன் மாலை ஐந்து மணிக்குமேல் சைட்டில் இருக்க வேண்டும். அதைச் சொல்லி அனுப்புங்கள்.

அப்புறம் ஊர்க்காரர்கள். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்த ஒரு பெரியவர், நாங்கள் மேடு எழுப்பிய இடத்தில் வந்து நின்றார். “தம்பி, மாரிக்கு வெள்ளம் இதாலதான் பாயும்.” வரைபடத்தில் அங்கே மதகு கிடையாது, கோடையில், புதர் மூடிக்கிடந்தபோது அளந்தது. இரண்டு குழாய் மதகு சேர்க்கக் கடிதம் எழுதிச் சண்டை போட்டு வாங்கினேன். நவம்பரில் அந்தக் குழாய்கள் வாய் நிறையத் தண்ணீர் கக்கின. உங்கள் பையனுக்கு அரபு தெரியாது. நல்ல மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அவன் பாதிக் குருடன்தான்.

மோசூல் 2017 ஜூலையில் ஐ.எஸ். தீவிரவாதிகளிடமிருந்து மீட்கப்பட்ட நகரம். டைகிரிஸ் மேல் இருந்த ஐந்து பாலங்களும் போரில் அடிபட்டன. அங்கே வெடி, இடிபாட்டுக் குவியலுக்குள் இருக்கும். சான்று இல்லாத குவியலில் எக்ஸ்கவேட்டர் கை வைக்கக் கூடாது. இன்னொன்று, ஈராக்கின் பல இடங்களில் மண்ணில் ஜிப்சம் உண்டு. காய்ந்தால் உறுதி, தண்ணீர் இறங்கினால் கரைந்து உள்வாங்கும். மண் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கட்டும்.

சம்பளத்தைவிட இன்சூரன்ஸைப் பாருங்கள். சாதாரணப் பாலிசிகளில் யுத்த ஆபத்தை விலக்கியிருப்பார்கள். யுத்த ஆபத்துக்கும் காப்பீடு உண்டு என்று வேலைக் கடிதத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

கேள்வி: யாழ்ப்பாணம் தட்டையான ஊர், குடைய மலையே இல்லை. ரோடு போட ஏன் அவ்வளவு செலவு?
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: மலை இல்லாததுதான் சிக்கல்! அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். மேல் தளத்தில் போட்டால் டயர் தேய்த்து வழவழப்பாக்கிவிடும், மழையில் வண்டி சறுக்கும். கருங்கல் வேண்டுமானால் தெற்கே வவுனியாப் பக்கம் போக வேண்டும். ஒவ்வொரு லாரி ஜல்லிக்கும் கல்லைவிட டீசலுக்குத்தான் அழுதோம்.