அப்டேட் ஆன மறுநாள் மற்ற கணினிகளைக் காணோம்: கேள்வி பதில்

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய பிறகு வீட்டிலுள்ள மற்ற கணினிகளும், எல்லாரும் பகிர்ந்துகொள்ள நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டிகளும் தெரியவில்லை என்று வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில். பிரின்டர் கேள்விகளை எடுக்கவில்லை. அது தனித் தலைவலி.

கேள்வி: ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘நெட்வொர்க்’கைத் திறந்தால் என் கணினி மட்டும் தெரிகிறது. மாடியில் மகனுடைய கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது எங்கே போயிற்று, ஐயா?

பதில்: எங்கும் போகவில்லை. மகனுடைய கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ கட்டளையைக் கொடுத்து, ஐபிவி4 முகவரியை (நெட்வொர்க்கில் அந்தக் கணினிக்குள்ள எண்) குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினியில் மேலே உள்ள முகவரிக் கட்டத்தில் \\192.168.1.20 என்பதுபோல் அந்த எண்ணைத் தட்டுங்கள். ஃபோல்டர்கள் திறந்தால் இணைப்பில் கோளாறே இல்லை, பட்டியலில்தான் கோளாறு. தொலைபேசிப் புத்தகத்தில் பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டில் போனே இல்லை என்றாகிவிடுமா?

ஒரு காலத்தில் வீட்டுக் கணினிகளில் ஒன்று எல்லார் பெயரையும் சேர்த்துப் பட்டியல் வைத்திருந்தது. அந்த ஏற்பாடு எஸ்எம்பி1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை நம்பியிருந்தது. 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கணினிகளில் எஸ்எம்பி1 சேர்க்கப்படுவதில்லை. இப்போது ஒவ்வொரு கணினியும் ‘நான் இருக்கிறேன்’ என்று தானே அறிவிக்க வேண்டும். பின்னணியில் ஓடி இதை அறிவிக்கும் நிரலின், அதாவது சர்வீஸின், பெயர் ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன். அது நின்றுபோனால் கணினி மறைந்துவிடும்.

பலர் சறுக்குவது இங்கேதான். தெரியாமல் போனது மகனுடைய கணினி. ஆகவே அதில்தான் இந்த சர்வீஸைத் தொடங்கி, ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்ற வேண்டும். உங்கள் கணினியையே நாள் முழுக்க நோண்டிப் பயனில்லை. கூடவே இரண்டிலும் நெட்வொர்க் வகை ‘பிரைவேட்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘பப்ளிக்’ என்று இருந்தால் கண்டறியும் வசதி அடைபட்டிருக்கும்.

கேள்வி: சேமிப்புப் பெட்டி தெரிகிறது, திறக்கவில்லை. ‘உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது’ என்கிறது. இது வீடு சார், நிறுவனம் ஏது?

பதில்: அந்தச் செய்தியை எழுதியவருக்கு வீடும் அலுவலகமும் ஒன்றுதான். விஷயம் இது: 24எச்2-இன் புரோ பதிப்பு இரண்டு கதவுகளைச் சாத்திவிட்டது. கடவுச்சொல் கேட்காத விருந்தினர் நுழைவு இனி இல்லை. போகும் வரும் ஒவ்வொரு செய்தியிலும், நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் மின்னணுக் கையொப்பமும் கட்டாயம். இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. கையொப்பத்துக்கான சாவி கடவுச்சொல்லிலிருந்து பிறக்கிறது. விருந்தினருக்குக் கடவுச்சொல்லே இல்லை, பிறகு எதைக் கொண்டு கையொப்பமிடுவது?

பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்குங்கள். அதை கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் ஒருமுறை பதிந்துவிட்டால் மறுபடி கேட்காது. ஐந்து நிமிட வேலை.

கேள்வி: எனக்கும் அதே செய்தி. தடையை விண்டோஸின் உள்ளமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் நீக்கிவிடலாமா?

பதில்: நீக்க முடியும். அதற்குப் பதில் மேலே சொன்ன ஐந்து நிமிட வேலையைச் செய்யுங்கள்.

கேள்வி: ஒரு வீடியோவில் எஸ்எம்பி1-ஐ இயக்கச் சொன்னார்கள். இயக்கினேன், எல்லாம் வந்துவிட்டது. நீங்கள் ஏன் இதைச் சொல்வதே இல்லை?

பதில்: சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது இந்த எஸ்எம்பி1-இன் ஓட்டை வழியாகத்தான். பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. அணையுங்கள்.

அவரே மறுபடி: அது ஊர்க் கதை. என் வீட்டில் வெளியாள் யார் வரப்போகிறார்? ரூட்டர் காவல் இருக்கிறதே! என் பழைய ரூட்டரில் செருகிய ஹார்ட் டிஸ்க்குக்கு எஸ்எம்பி1 தவிர வேறெதுவும் தெரியாது. தூக்கிப் போடவா?

பதில்: ரூட்டர் வாசலைத்தான் காக்கிறது. கல்லூரி விடுதியிலிருந்து மகள் கொண்டுவரும் லேப்டாப் வாசல் வழியாக மரியாதையாகவே உள்ளே வருகிறது. வானாகிரை ஒரு கணினிக்குள் நுழைந்ததும் பக்கத்துக் கணினிகளையும் தேடியது.

ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். ரூட்டரிலிருந்து பிடுங்கி, எப்போதும் இயங்கும் ஒரு கணினியில் செருகி, அங்கிருந்து பகிருங்கள்.

இன்னொருவர் குறுக்கே: நன்றாக ஓடும் பொருளைச் செல்லாக்காசாக்குவது நியாயமா? கணினி நிறுவனத்துக்கு வக்காலத்தா?

பதில்: வக்காலத்து இல்லை. ரூட்டரை விற்றுவிட்டு அதற்குப் புதிய மென்பொருள் தராமல் விட்டவர்களைக் கேளுங்கள். எஸ்எம்பி2 வந்தது 2006-இல், விண்டோஸ் விஸ்டாவோடு. அதன் பிறகும் பல ஆண்டுகள் பழையதையே வைத்துப் பெட்டி விற்றார்கள். என் கோபம் அங்கே.

சரி, வேறு வழியே இல்லை என்றால் ஒன்று சொல்கிறேன். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் எஸ்எம்பி1-இன் கீழ் ‘கிளையன்ட்’ (மற்றதைத் திறக்கும் பக்கம்), ‘சர்வர்’ (மற்றவற்றுக்குப் பகிரும் பக்கம்) என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. கிளையன்ட்டை மட்டும் குறியிடுங்கள். சர்வரைத் தொடாதீர்கள், வானாகிரை தாக்கியது அந்தப் பக்கத்தைத்தான். பழைய டிஸ்க்கில் உள்ளதை நகலெடுத்ததும் கிளையன்ட்டையும் எடுத்துவிடுங்கள். இந்த வாதத்தை இதோடு முடிப்போம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: பெயரும் ‘பின்’ எண்ணும் சரியாகக் கொடுத்தும் மற்றக் கணினி ஏற்கவில்லை.

பதில்: ‘பின்’ அந்த ஒரு கணினியின் முன்னால் உட்காருபவருக்கு மட்டும். நெட்வொர்க் வழியே அது செல்லாது, கடவுச்சொல்தான் வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல் நினைவில் இல்லையென்றால், பகிர்வுக்கென்றே மற்றக் கணினியில் ஒரு லோக்கல் கணக்கு (அந்தக் கணினிக்கு மட்டுமான கணக்கு) தொடங்குங்கள் அம்மா.

கேள்வி: வைஃபையில் உள்ள லேப்டாப்புக்குக் கம்பியில் உள்ள கணினி தெரியவில்லை. எண்ணைத் தட்டினாலும் வரவில்லை.

பதில்: இரண்டின் முகவரிகளையும் பாருங்கள். ஒன்று 192.168.1 என்றும் மற்றொன்று 192.168.0 என்றும் தொடங்கினால், இணைய நிறுவனம் தந்த பெட்டிக்குப் பின்னால் உங்கள் ரூட்டர் இன்னொரு நெட்வொர்க் நடத்துகிறது என்று அர்த்தம். உங்கள் ரூட்டரை, தனி நெட்வொர்க் நடத்தாமல் வைஃபை மட்டும் தரும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றுங்கள். முகவரிகள் ஒரே வரிசையில் இருந்தால், லேப்டாப் ‘கெஸ்ட்’ வைஃபையில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அது மற்றவற்றைப் பார்க்கவிடாமல் பிரித்து வைக்கும்.

கேள்வி: ஃபயர்வாலை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: அப்டேட்டுக்குப் பின் பிரின்டர்…

பதில்: முதல் பத்தி.

கேள்வி: பேசாமல் பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா?

பதில்: வழக்கமாகப் பத்து நாளுக்குள் ‘கோ பேக்’ கிடைக்கும். திரும்பினாலும் அடுத்த பதிப்பு இதே கட்டுப்பாடுகளோடுதான் வரும். சேமிப்புப் பெட்டிக்குக் கடவுச்சொல் வைத்துவிட்டீர்களா?